கரோலின் ஃபார்மட் செய்ய விடவில்லை

புதன்கிழமை மதியம் எங்கள் செயலாளர் பாக்கியசீலன் சார் ஒரு முடிவைச் சொன்னார். சனிக்கிழமை மதுரையிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆபீஸில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஃபார்மட் செய்து, உள்ளே இருப்பதை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். அதோடு தொல்லை ஒழியும்.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற கரோலின், "முடியாது சார்" என்றாள்.

"முடியாதுன்னா?"

"துடைக்க விடமாட்டேன். கலைச்செல்வி எழுதினது இந்தக் கம்ப்யூட்டர்ல எங்கயோதான் கெடக்கு. துடைச்சா அதுவும் சேந்து போயிரும்."

"எங்கயோ கெடக்கு, எங்கயோ கெடக்குன்னு ஒரு மாசமா சொல்லுத. கண்ணுல காட்டினியா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் குடுங்க. காட்டுதேன்."

சார் என்னைப் பார்த்தார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கரோலின் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் சங்கம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. படுக்கையில் விழுந்தவர்களின் வீட்டுக்கே நர்ஸ்களை அனுப்பிப் பார்த்துக்கொள்வது வேலை. தச்சநல்லூரிலிருந்து கிழக்கே ஏரல் வரை எங்களுக்கு நோயாளிகள் உண்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, எந்த நர்ஸ் எந்த வீட்டுக்குப் போவது என்று பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். பாக்கியசீலன் சார் ஹைஸ்கூல் தலைமையாசிரியராக இருந்தவர். நேர்மையானவர், கொஞ்சம் விறைப்பு. கம்ப்யூட்டர், சர்வர், அவற்றுக்கு நடுவே ஓடும் கம்பிகள் எல்லாம் கரோலினுடைய பொறுப்பு.

கரோலின் மாஞ்சோலையில் பிறந்தவள். அவள் அப்பா அங்கே தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளை மலையிலிருந்து இறக்கிப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டார்கள். பாலிடெக்னிக் படித்தாள், சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கும் வேலையில் சில வருஷம் இருந்தாள். எஸ்டேட்டை மூடி எல்லாரையும் கீழே அனுப்பிய வருஷம் அப்பா தச்சநல்லூருக்கு வாடகை வீட்டில் வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கரோலின் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை.

நான் அவளை முதலில் பார்த்தது நோயாளியின் மகளாகத்தான். படுத்திருக்கும் ஆளை எப்படிப் புரட்டுவது, முதுகு புண்ணாகாமல் எப்படிப் பார்ப்பது, கஞ்சி புரையேறாமல் எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுக்கப் போனேன். சிலர் அழுதுகொண்டே கேட்பார்கள், பாதி காதில் ஏறாது. இவள், "இடுப்புக்குக் கீழ கை எவ்வளவு தூரம் போகணும்?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அவளே புரட்டினாள். அப்பா அவளைப் பார்த்து, "மேல போற பஸ் போயிட்டா?" என்று கேட்டார். "போயிட்டுப்பா" என்றாள். அவர் தினமும் கேட்பார். அவளும் தினமும் அதையே சொல்வாள்.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்க ஆள் தேவைப்பட்டபோது நான்தான் அவள் பெயரைச் சொன்னேன். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் புருஷன் சுஜின் தச்சநல்லூரில் செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பகலில் மாமனாரைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்தான் கடை திறப்பான். இவள் போய்ச் சேர்ந்தால்தான் அவன் கிளம்ப முடியும். சங்கத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

இனி தொல்லைக்கு வருகிறேன்.

எங்கள் நர்ஸ்களுக்கு என்று தனித்தனி மேசை கிடையாது. வெளியே போய்விட்டு எப்போது வருகிறார்களோ அப்போது எந்தக் கம்ப்யூட்டர் காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் ரோமிங் புரொஃபைல் என்று ஒன்றை வைத்திருந்தோம். நோயாளி ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குப் போனால் கேஸ் ஷீட்டும் கூடவே போகும் இல்லையா, அது மாதிரி. யார் எந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் போட்டாலும் அவர்கள் வைத்த ஃபைல், படம் எல்லாம் சர்வரிலிருந்து இறங்கி முன்னால் வந்து நிற்கும். வேலை முடிந்து லாக் ஆஃப் செய்யும்போது புதிதாக எழுதியது சர்வருக்குத் திரும்பப் போய்விடும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் கோடையிலிருந்து கலைச்செல்வி என்ற நர்ஸ், "நேத்து எழுதினது இன்னைக்கு இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. ஒரு கம்ப்யூட்டரில் இருப்பது பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருக்காது. இதைக் கேட்கிற யாருக்கும் சாக்கு மாதிரித்தான் தோன்றும். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதும் அவளுக்கு எதிராகப் போயிற்று.

ஏரலில் ஜயலக்ஷ்மி அம்மா என்று ஒருவர். வயதானவர், ஞாபகம் தப்பிவிட்டது, இடுப்பில் படுக்கைப் புண். கலைச்செல்வி ஸ்கூட்டரில் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, அளவெடுத்து, படம் பிடித்துவிட்டு வருவாள். நோயாளியின் படம் ஃபோனில் தங்கக் கூடாது என்பது சங்கத்து விதி, கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அழித்துவிடுவாள். அந்த அம்மாவின் மகன் சாய்ராம் பெங்களூரில் இருக்கிறார். புண் ஆறுகிறதா, பெரிதாகிறதா, எழுதி வைத்ததை அனுப்புங்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. சார் தேடினார். பல வாரத்துக் குறிப்புகள் இல்லை. வீட்டில் பகலில் வேறு ஆள் இல்லை. ஜயலக்ஷ்மி அம்மாவிடம் கேட்டால், நர்ஸ் வந்தாள் என்று ஒரு நாள் சொன்னார், வந்தது தன் தங்கச்சி என்று மறுநாள் சொன்னார்.

சார் கலைச்செல்வியை எல்லார் முன்னாலும் நிறுத்தி மெமோ கொடுத்தார். சனிக்கிழமை கமிட்டி கூடும், அதற்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் வேலை போகும். போகாத வீட்டுக்குப் போனதாகச் சொன்னவள் என்ற பெயரோடு வெளியேறினால் திருநெல்வேலி வட்டாரத்தில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே சேர்க்காது. இது எனக்குத் தெரியும், ஆள் எடுக்கும் இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

சார் இரக்கம் இல்லாதவர் அல்ல. மெமோ கொடுத்த மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "போகலைன்னு நான் சொல்லல பிள்ள. ஞாபகத்துல இருக்கத வச்சு இப்ப உக்காந்து எல்லாத்தையும் எழுதிரு. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். கலைச்செல்வி என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எழுதிரட்டுமா சிஸ்டர்?"

"போன மாசம் ரெண்டாவது வாரம் புண்ணு எவ்வளவு ஆழம்?"

அவள் விரல்விட்டு வாரத்தை எண்ணினாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"தெரியாதுலா? அப்ப எழுதாத."

பக்கத்தில் கம்பி ஒன்றைச் சொருகிக்கொண்டிருந்த கரோலின் நிமிர்ந்து, "அப்படி நீ எழுதினேன்னா முதல்ல நான்தான் காட்டிக் குடுப்பேன். எந்த ஃபைல் என்னைக்கு எழுதினதுன்னு அதுலயே இருக்கும்" என்றாள். கலைச்செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க கம்ப்யூட்டர் தின்னுட்டு ஏப்பம் விடுததுக்கு நான் மெமோ வாங்குதேன். நீங்க என்னையே காட்டிக் குடுப்பீங்களோ?"

"ஆமா. அதுக்குத்தான் சொல்லுதேன், நீ எழுதாத, நான் தேடுதேன்."

அவள் தேடியதை நான் கண்ணால் பார்த்தேன். சர்வரில் இடம் நிறைந்துவிட்டதா என்று பார்த்தாள், இல்லை. கலைச்செல்வியின் ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறதா, இருக்கிறது. வைரஸ் தடுக்கும் மென்பொருள் ஏதாவது ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்கிறதோ என்று அதை நிறுத்திப் பார்த்தாள், ஒன்றும் மாறவில்லை. கம்பிகளை மாற்றினாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்கு வந்த கஷ்டத்தைத் தானே குறித்து வைத்துக்கொள்ளுமாம். அதைப் படித்ததில், லாக் ஆஃப் செய்யும்போது சர்வருக்கு அனுப்ப முடியவில்லை, சர்வரையே காணவில்லை என்று அவை புலம்பியிருந்தன. ஆனால் சர்வர் அவள் அறையில் தனி யுபிஎஸ்ஸில் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பகலில் அவளே லாகின் செய்து, எழுதி, லாக் ஆஃப் செய்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் பெட்டி முன் ஹாலில் சுவரில் மாட்டியிருக்கிறது. அட்டெண்டர் சுடலைமணியிடம், "அண்ணாச்சி, அந்தப் பொட்டியில யாரும் கை வைக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு பய தொட மாட்டான். நான் தூசிகூடத் தட்டுததில்ல, ஷாக் அடிக்கும்னு."

அந்த வழியும் அடைபட்டது.

ஃபார்மட் பற்றிச் சார் சொன்னது இந்த நிலைமையில்தான். சாரைக் குற்றம் சொல்ல முடியாது. கமிட்டியில் ஒருவர் மதுரைக் கம்பெனியைச் சொல்லியிருந்தார். கரோலினால் முடியவில்லை என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே.

அன்று மதியம் அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"சிஸ்டர், எல்லாப் புலம்பலும் சாயங்காலம்தான். நான் கெளம்பின பிறகு. அதுக்கு ஏற்பாடு பண்ணவே நாளைக்குப் போயிரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் இங்கன இருந்து கண்ணால பாக்கணும். வேற வழி இல்ல."

"இரு."

"அப்பா?"

சுஜினின் கடை வாடகைக்கடை. சாயங்கால வியாபாரம்தான் அவனுக்கு முழு வியாபாரம். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஒரு கல்யாண வீட்டு ஆட்கள் ஃபோன்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் போகலாம் என்றால் அன்றைக்கு ஒரு புது நோயாளியைச் சேர்க்கக் குடும்பத்தார் ஆபீஸுக்கு வருகிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே கலைச்செல்வி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நான் போறேன். எனக்கு வெள்ளிக்கிழமை தச்சநல்லூர் பக்கம்தான் டூட்டி. முடிச்சுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிருதேன். உங்க அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

கரோலின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கஞ்சிய ஒரேயடியா ஊத்தாத. பைய குடுக்கணும்."

"அதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சேன்."

"பஸ் போயிட்டான்னு கேப்பாரு."

"போயிட்டுன்னு சொல்லுதேன். போதுமா?"

ஆனால் இன்னொரு சிக்கல். கலைச்செல்வி இல்லாமல் அவள் லாகினைச் சோதிப்பது எப்படி? கலைச்செல்வி, "பாஸ்வேர்ட் சொல்லுதேன், எழுதிக்கோங்க" என்றாள். கரோலின் காதைப் பொத்தாத குறை. "சொல்லாத. உன் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்னா நாளைக்கு நானே உள்ள போட்டு வச்சேன்னு சொல்லுவாங்க." அவள் சோதனைக்கென்று புதிய லாகின் ஒன்று உண்டாக்கினாள். கலைச்செல்வி வைத்திருப்பது போலவே அதிலும் படங்களை அடுக்கினாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். மற்ற நர்ஸ்கள் நாலு வரி எழுதுவதோடு சரி. கலைச்செல்வி ஒவ்வொரு புண்ணையும் பக்கவாட்டில், மேலே, அளவுகோலை வைத்து என்று படம் படமாகச் சேர்த்திருந்தாள். மற்றவர்களுடையது கண் சிமிட்டும் நேரத்தில் சர்வருக்குப் போய்விடும். அவளுடையது நகர்ந்து நகர்ந்து போக வேண்டியிருந்தது.

"அதான் இவளுக்கு மட்டும்" என்றாள் கரோலின். "மத்தவங்களுக்கும் சர்வருக்குப் போற பாதை அறுபட்டிருக்கலாம். ஆனா அதுக்குள்ள போய்ச் சேந்திருக்கும். அறுக்குது எது?"

வெள்ளிக்கிழமை வந்தது. பழைய மிஷன் வழக்கப்படி எங்கள் ஆபீஸில் வேலை முடிந்ததும் ஜெபம் உண்டு. மணி அடிப்பார்கள். எல்லாரும் லாக் ஆஃப் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து முன் ஹாலுக்குப் போவோம். ஒரு பாட்டு, ஒரு வசனம், சாரின் ஜெபம், அப்படியே வீட்டுக்கு. முன்பெல்லாம் வெளி வராந்தாவில்தான் நிற்போம். கோடையில் சாக்கடைக்கென்று தெருவைத் தோண்டிப் போட்டார்கள், புழுதி தாங்கவில்லை. அதிலிருந்து ஜெபம் ஹாலுக்குள் வந்துவிட்டது. கரோலின் நாலு மணிக்கே போகிறவள், ஒரு நாளும் இதில் நின்றதில்லை.

மணி அடித்தது. கரோலின் சோதனை லாகினில் லாக் ஆஃபைத் தட்டிவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு அறைக்கும் நடுவில் வாசலில் நின்றேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாலில் பாட்டு முடிந்தது. சார், "ஜெபிப்போமா?" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

இரைச்சல் நின்றது.

இத்தனை நாள் அப்படி ஒரு இரைச்சல் இருந்தது என்பதே எனக்கு நின்ற பிறகுதான் தெரிந்தது. கரோலின் தலையைத் தூக்கினாள். உடனே குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டர், அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். கம்பி சொருகும் இடத்தில் மினுங்கும் பச்சை விளக்கு ஒன்றிலும் இல்லை.

அவள் நேராக ஹாலுக்குள் நடந்தாள். சார் கண்ணை மூடி, "எங்களை நடத்துகிற பிதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டிக்குக் கீழே சுவரில் இருக்கும் ஸ்விட்ச் போர்டில் வைத்த கையைச் சுடலைமணி இன்னும் எடுக்கவில்லை. கரோலின் அந்தக் கையை நகர்த்திவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். பெட்டிக்குள் இருந்த சின்ன ஃபேன் கொர்ரென்று கிளம்பியது. சார் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு, சொல்ல நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, "ஆமென்" என்றார்.

"அண்ணாச்சி, இதை எதுக்கு அணைச்சீங்க?"

"ஃபேன் சத்தம்லா? ஜெபத்துல இரையக் கூடாதுன்னு செயலாளர் ஐயா சொன்னாங்க. ஹாலுக்குள்ள வந்த நாள்ல இருந்து அணைக்கேன்."

"பொட்டியத் தொட்டீங்களான்னு உங்ககிட்ட கேட்டேன்லா?"

"பொட்டிய எங்கம்மா தொட்டேன்? சுவருல இருக்க ஃபேன் சுவிச்சத்தான தொட்டேன்."

"திரும்ப எப்பப் போடுதீங்க?"

"காலைல. ராத்திரி பூரா ஆருக்கு ஓடணும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஸ்விட்ச் ஃபேனுக்கு மட்டும் என்று நினைத்தார். அது பெட்டி முழுவதற்கும் உரியது. ஃபேன் நின்றபோது பெட்டியும் நின்றது. கம்ப்யூட்டர்களுக்கும் சர்வருக்கும் நடுவே இருந்த பாதையே அறுந்தது.

பாக்கியசீலன் சார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இதே நேரத்துக்குத்தான் லாக் ஆஃப் பண்ணுதேன். எனக்கு ஒரு ஃபைலும் போகலியே?"

"உங்ககிட்ட படம் இல்ல சார். நீங்க பாட்டுப் பாட எந்திரிக்கும் முன்னாலேயே சர்வருக்குப் போயிரும். கலைச்செல்வியோடது பாட்டு முடிஞ்சாலும் முடியாது. ஜெபத்துல அறுந்துருது."

"சரி. அறுந்தா எழுதினது என்னாகும்?"

"எழுதின கம்ப்யூட்டர்லயே ஒரு பிரதி தங்கும். அவ மறுநாள் வேற கம்ப்யூட்டர்ல உக்காருதா. அதுக்கு சர்வர்ல இருக்க பழசுதான் வரும். அதான் ஒரு நாள் இருக்கு, ஒரு நாள் இல்ல."

"அப்படி இருக்கணும்ங்கியா, இல்ல இருக்கா?"

"இப்பப் பாத்துருவோம். நீங்களும் கூட வாங்க. நான் தனியாப் பாக்க மாட்டேன். காரணம் தெரியாம முன்னமே திறந்திருந்தா நானே உள்ள போட்டு வச்சேன்னு சொல்லிருப்பாங்க."

வீட்டுக்குப் போக இருந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கரோலின் கலைச்செல்விக்கு ஃபோன் போட்டாள், ஸ்பீக்கரில். "கொஞ்சம் நேரமாகும் போலிருக்கு. அப்பா?"

"கஞ்சி குடிச்சாச்சு. புரட்டியாச்சு. பஸ்ஸும் போயாச்சு. நீங்க உங்க வேலையப் பாருங்க." இங்கே என்ன கண்டுபிடித்தோம் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும்.

ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பித்தாள். கலைச்செல்வியின் பெயரில் அதற்குள் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைத் திறந்தாள். ஏரல், ஜயலக்ஷ்மி அம்மா, இரண்டு வருகையின் குறிப்பு, படங்களோடு. அடுத்த கம்ப்யூட்டரில் இன்னும் சில. அதற்கடுத்ததில் ஏரலோடு தச்சநல்லூர் நோயாளி ஒருவருடையதும். கரோலின் ஒன்றையும் தொட்டுத் திருத்தாமல் அப்படியே பிரதி எடுத்தாள். எந்தக் கம்ப்யூட்டரில் எது கிடைத்தது என்று சாரைத் தன் கைப்பட எழுதச் சொன்னாள். நான் தேதி வரிசையில் படித்துப் பார்த்தேன். அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தின. நடுவில் ஒரு வாரம் புண் கொஞ்சம் பெரிதாகியிருந்தது, கலைச்செல்வி அதையும் மறைக்காமல் எழுதி டாக்டரிடம் மருந்து மாற்றச் சொல்லியிருந்தாள். போகாமல் இருந்தவளால் இதை எழுத முடியாது.

எல்லாம் கிடைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் நடுவில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்ப் புதிது போட்டிருந்தார்கள். அதில் எழுதியது போனது போனதுதான். சில வருகைகளுக்குக் குறிப்பு இல்லை.

சார், "இவ்வளவு கிடைச்சிருக்கு. அந்த நாலஞ்சு இல்லாததப் பத்திக் கமிட்டியில சொல்லணுமா?" என்றார். இப்போது அவருக்குக் கலைச்செல்வியைக் காப்பாற்றும் வேகம் வந்துவிட்டது.

"சொல்லணும் சார். இல்லாதத இல்லைன்னு நாம சொன்னாத்தான் இருக்கத நம்புவாங்க" என்றாள் கரோலின்.

சனிக்கிழமை மதுரைக்காரர்கள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கரோலின் வாசலிலேயே அவர்களை நிறுத்தி என்ன நடந்தது என்று விளக்கினாள். அவர்களில் மூத்தவர் சிரித்துவிட்டு, "நாங்க வந்த உடனே துடைச்சிருப்போம்மா. அப்புறமும் இதே தொல்லை வந்திருக்கும்" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கமிட்டி கூடியது. சாய்ராமை ஃபோனில் போட்டார்கள். குறிப்புகளைக் காலையிலேயே அனுப்பியிருந்தோம். கரோலின் கிடைத்ததைச் சொன்னாள், கிடைக்காததைச் சொன்னாள், காரணம் இன்னது என்றும் சொன்னாள். ஜெபம் என்ற வார்த்தை வந்ததும் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "ஜெபத்தால போகல ஐயா, ஸ்விட்ச அணைச்சதால போச்சு" என்று திருத்தினாள். சாய்ராம், "நடுவுல பெருசாச்சுன்னு எழுதியிருக்காங்களே, இதை அன்னைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்று குறைப்பட்டார். அதுவும் சரிதான். ஆனால் கலைச்செல்வியே தொடர்ந்து வரட்டும் என்றார். மெமோவைத் திரும்பப் பெறுவதாகத் தீர்மானம் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை சார் கலைச்செல்வியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வாபஸ் கடிதத்தை நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"மெமோவ எல்லாரையும் நிக்க வச்சுக் குடுத்தீங்க சார். இதையும் அப்படியே குடுங்க."

நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைமையாசிரியராக இருந்தவருக்குப் பிள்ளைகள் முன்னால் வார்த்தையைத் திரும்ப வாங்குவது லேசான காரியம் இல்லை. "சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால சொல்லுதேன்" என்றார்.

அன்றைக்குள் கரோலின் தன் வேலையை முடித்திருந்தாள். ஸ்விட்சைப் போட்டு வைப்பது பாதி மருந்துதான் என்றாள். படங்களை ஆளோடு கூடத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது, அவை சர்வரிலேயே ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும். அவரவர் எங்கிருந்தாலும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அப்படி மாற்றிவிட்டாள். லாக் ஆஃப் முழுதாக முடிந்து திரை மாறும்வரை ஒருவரும் எழக் கூடாது என்று ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று சொன்னாள். பெட்டியை அவள் அறைக்கு மாற்ற எலக்ட்ரீஷியன் மறுநாள்தான் வருவதாக இருந்தது. அதுவரை அந்த ஸ்விட்சின் மேல் அகலமாக ஒட்டுநாடாவைப் போட்டு ஒட்டியிருந்தாள். சுடலைமணி அந்தப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. திரை மாறும்வரை எல்லாரும் உட்கார்ந்திருந்துவிட்டு ஹாலுக்கு வந்தோம். பெட்டி கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. சார் முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னார். கலைச்செல்வி பின்வரிசையில் நின்றாள்.

"கேக்கல சார்" என்றாள்.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் பேசுகிற குரலை எடுத்தார். "கலைச்செல்வி சிஸ்டர் தன் வேலையச் சரியா செஞ்சிருக்காங்க. குடுத்த மெமோ தப்பு. அத நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். அவங்க எழுதினது போனதுக்குக் காரணம் நான் அணைக்கச் சொன்னது."

கலைச்செல்வி முன்னால் வந்து கடிதத்தை வாங்கி ஹேண்ட்பேகில் போட்டாள். "சரி சார். நாளைக்கு நான் ஏரல் போறேன்" என்றாள். அதற்குப் பிறகு பாட்டைத் தொடங்கினோம்.

கரோலின் அங்கே இல்லை. நாலு மணிக்கே போய்விட்டாள். நான் வீட்டுக்குப் போகும் வழியில் ஃபோன் செய்து, சார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் என்றேன்.

"சொன்னாங்களா? நல்லது சிஸ்டர். இப்பத்தான் அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டிருக்கேன், ஒரு கையால ஃபோனப் பிடிச்சிருக்கேன். நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிட்டாள்.